மறுமுனையில் ஆபா

நீதிமன்றத்தில் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு அந்தப் பெண் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டியபோது காலை பத்தரை மணி இருக்கும். சித்திரை வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் வந்திருந்தது. கைப்பேசியின் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டிருந்தது. “ஆபாக்கா லைன்ல இருக்காங்க. நீங்களே பேசுங்க” என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். “சொல்லும்மா. வந்து சேந்துட்டியா? தண்ணி குடிச்சியா?” என்றது மறுமுனை. கொஞ்சம் கரகரத்து, ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் இழுத்து நிறுத்தும் குரல். ஆபாவின் குரல்தான். ஆபா இறந்து அன்றைக்கு இருபத்திரண்டு நாள்.

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மூச்சு விடும் ஓசை கேட்டது. பிறகு, “என்னம்மா, இருக்கியா?” என்று அதே குரல் கேட்டது. கைப்பேசியை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்த முகத்துடன், “ஆமாக்கா, பாத்துட்டேன், நீங்க சொன்ன கண்ணாடி போட்ட வக்கீலம்மாதான். சரிக்கா. வைக்கிறேன்க்கா” என்று பேசி முடித்தாள்.

ஆபா எங்கள் நீதிமன்றத்து மூத்த வழக்கறிஞர்களில் ஒருவர். பழைய நகரத்து முஸ்லிம் குடும்பம். வீட்டில் தம்பிமார் ‘ஆபா’ என்று கூப்பிட்டதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். ஆபா என்றால் அக்கா என்றுதான் அர்த்தம். அது தெரியாத கட்சிக்காரப் பெண்கள் அதன் மேலேயே இன்னொரு அக்காவை ஏற்றி ‘ஆபாக்கா’ என்பார்கள். அவரும் திருத்தமாட்டார். எங்கள் பெண் வழக்கறிஞர்கள் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆபா, மற்றவர் எங்கள் செயலாளர். செயலாளர் சௌராஷ்டிரக் குடும்பம். நெசவுக்காரர் வீட்டிலிருந்து சட்டம் படிக்க வந்த முதல் பெண். சங்கம் பிறந்ததே ஒரு கழிப்பறைச் சாவிக்காகத்தான் என்று இருவரும் சொல்லிச் சிரிப்பார்கள். வளாகத்தில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை எந்நேரமும் பூட்டிக் கிடந்ததாம். சாவி கேட்டு ஏழு பேர் கையெழுத்துப் போட்ட மனுதான் சங்கத்தின் முதல் காகிதம். அதற்குப் பிறகுதான் தரைத்தளத்தில் ஓர் அறையும், நீள மேசையும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு பாயும் கிடைத்தன. அந்த மேசையில் இருபது வருடங்களுக்கு மேலாக ஆபாவும் செயலாளரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆபா எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அன்று மாலை அவர் வீட்டிலிருந்து ஜனாஸா ஊர்வலம் தெருமுனை திரும்பும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில்தான் செயலாளர் நின்றார். அழவில்லை. வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஆபாவின் தம்பி அவருடைய கைப்பேசியைக் கொண்டுவந்து செயலாளரிடம் கொடுத்து, “கட்சிக்காரங்களுக்கெல்லாம் நீங்களே சொல்லிருங்கக்கா. எங்களுக்கு யார் எவருன்னு தெரியல” என்றார். அந்த வாரமே சங்கத்தில் கூடி ஆபாவின் வழக்குக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டோம். கணவன் அடித்து, உடன் வாழ முடியாமல் வெளியேறிய ஒரு பெண்ணின் வழக்கு எனக்கு வந்தது. பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், சித்தி வீட்டில் மகளோடு இருந்தாள். அந்த வழக்குக் கட்டை என் கையில் கொடுக்கும்போது செயலாளர், “அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். சொல்லியிருப்பார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியை நீட்டிய அன்று அந்தப் பெண்ணை உட்காரவைத்து மெல்ல விசாரித்தேன். “ஆபா எப்போ கடைசியா பேசுனாங்க?” என்று கேட்டதற்கு, அழைப்புப் பட்டியலைத் திறந்து காட்டினாள். நேற்று, அதற்கு முந்தின நாள், அதற்கும் முன்னால். பதினான்கு நிமிடம், ஒன்பது நிமிடம், இருபது நிமிடம். “உடம்புக்கு முடியலையாம்க்கா. ஆஸ்பத்திரியில இருக்காகளாம். நேர்ல வர முடியாதுன்னாக. பரவால்ல, பேசுனாப் போதும். இதுக்கு முன்னாடி மூணு தடவதான் நேர்ல பாத்துருக்கேன், இருந்தாலும் அவுக குரலக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது.” அன்றைக்கு வழக்கு தள்ளிப்போனது. அடுத்த வாய்தாவில் அவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, கணவன் தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். “ஏறுறதுக்கு முன்னாடி ஆபாக்கா ஒரு வார்த்தை பேசிட்டாங்கன்னா நான் சொல்லிருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கே தெரியாதபோது, ஆபா இறந்துவிட்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதன் பிறகான ஆறு நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பேய், ஆவி என்பதையெல்லாம் நம்புகிற வீட்டில் நான் வளரவில்லை. ஆனாலும் ஒத்தக்கடைக்குப் போகும் பேருந்தில், கூட்டத்துக்கு நடுவே பின்னாலிருந்து யாராவது பெண் “சொல்லும்மா” என்று போனில் பேசினால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். சங்க அறையில் ஆபாவின் கறுப்பு அங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் கை மட்டும் லேசாக அசையும். அதைப் பார்க்காமல் இருக்க மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் மருத்துவரிடம் போகச் சொல்வார். செயலாளரிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அந்த நாட்களில் அவர் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்தார். துக்கம் என்று நினைத்தோம்.

ஏழாம் நாள், மதிய இடைவேளை. சாப்பாட்டுப் பையை எடுக்க அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே ஆபா பேசிக்கொண்டிருந்தார். “பயந்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காத. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அம்புட்டுத்தான்.” அந்த இழுப்பு, நடுவில் வரும் சின்னச் செருமல், எல்லாமே ஆபாவுடையவை. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. எப்படிக் கதவைத் தள்ளினேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆபாவின் நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி செயலாளர் உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. காதில் ஆபாவின் கைப்பேசி. இன்னொரு கை, ஆபா பேசும்போது செய்வது போலவே, மேசை விளிம்பைத் துடைத்துத் துடைத்துப் போய்க்கொண்டிருந்தது. பேச்சை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “உக்காரு” என்றார். அதுவும் ஆபாவின் குரலிலேயே வந்தது.

அவர் தன் சொந்தக் குரலுக்குத் திரும்ப வெகுநேரம் ஆனது. இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார். மற்ற கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். இந்தப் பெண்ணுக்கு அழைப்பதற்குள் அவளே அழைத்துவிட்டாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அது. பரவை மார்க்கெட் பக்கம் பேருந்து நிறுத்தத்தில், ஒரு கையில் பையும் ஒரு கையில் மகளுமாக நின்றிருக்கிறாள். கணவன் சித்தி வீட்டுக்கே வந்து கும்பிட்டு அழுது கூப்பிட்டிருக்கிறான். சித்தியும் போய்விடு என்று சொல்லிவிட்டாள். “‘ஆபாக்கா, நான் திரும்பிப் போயிரவா?’ன்னு கேட்டாடி. போன தடவ திரும்பிப் போனப்பதான் அவ கைய ஒடிச்சான். ஆபா செத்துட்டான்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். சத்தியமா அதச் சொல்லத்தான் தெறந்தேன். ‘தண்ணி குடிச்சியா?’ன்னு வந்துச்சு. நானாப் பேசல. வந்துச்சு.”

அவள் அன்று அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் மறுபடி அழைத்தாள். அதற்கு மறுநாளும். “நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னே ஓடிப்போச்சு” என்றார் செயலாளர். மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டே, “பேசும்போது எனக்கும் அவ இங்கதான் இருக்கா மாதிரி இருந்துச்சு” என்றார்.

எனக்கு இரக்கமும் கோபமும் சேர்ந்தே வந்தன. கூண்டில் ஏறும் பெண்ணிடம், உனக்கு யார் இப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். இறந்துபோன வக்கீல் என்று அவள் உண்மையாகவே பதில் சொன்னால் அந்த நிமிடமே வழக்கு கேலிக்கூத்தாகும். அதைவிட, ஏமாற்றியே பழக்கப்பட்ட ஒருவனிடமிருந்து தப்பி வந்தவளை நாமும் ஏமாற்றலாமா? அதைத்தான் கேட்டேன். “சொன்னா ஓடிருவாடி” என்றார். “நீங்க சொல்லலைன்னா நான் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துர்றேன்க்கா. உண்மை தெரியாம அவளைக் கூண்டுல ஏத்த மாட்டேன்” என்றேன். என் வாழ்நாளில் அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான்.

சாட்சி நாளன்று காலை, சங்க அறையில் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மூன்று பேர் மட்டும் இருந்தோம். செயலாளர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஆபா இறந்ததை, என்றைக்கு, எப்படி என்று சொன்னார். “இத்தனை நாள் ஆபாவாப் பேசுனது நான்தான்” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய அங்கியைப் பார்த்தாள். “பொய் சொல்றீங்க” என்றாள். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, “தண்ணி குடிச்சியா?” என்று அந்தக் குரலில் ஒரே ஒருமுறை கேட்டார். அந்தப் பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து சுவரோடு ஒட்டிப்போனாள். வெளியே வழக்குகளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, திரும்பாமலேயே கேட்டாள்:

“நீங்க சொன்ன மத்ததெல்லாம் நெசமா?”

“எது?”

“எம்மேல தப்பில்லன்னு சொன்னீங்கள்ல. அது.”

“அது நெசம்” என்றார் செயலாளர். தன் சொந்தக் குரலில்தான் சொன்னார்.

அவள் கூண்டில் ஏறினாள். ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தியபோதெல்லாம் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, மெதுவாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். கை ஒடிந்த இடத்தைக் காட்டச் சொன்னபோது காட்டினாள். சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. கணவன் அவளையும் மகளையும் நெருங்கக்கூடாது, மகள் தாயிடம் இருக்கலாம். உத்தரவின் நகலை வாங்க வந்த நாளில் எனக்கு நன்றி சொன்னாள். வராந்தாவில் எதிரே வந்த செயலாளரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நடந்துபோனாள்.

செயலாளர் சங்கக் கூட்டத்தைக் கூட்டி எல்லாவற்றையும் தானே சொன்னார். ஒருவர், இது வெளியே தெரிந்தால் கறை நம் எல்லோர் மேலும்தான் விழும் என்று கத்தினார். இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, ஆபாவோடு நெடுநாள் வேலை பார்த்த ஓர் உறுப்பினர் மூலையிலிருந்து மெல்லக் கேட்டார்: “அக்கா, ஒரே ஒரு தடவ... அந்தக் குரல்ல என் பேரச் சொல்றீங்களா?” வேண்டாம் என்று ஒருவரும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. செயலாளர் மாட்டேன் என்று தலையசைத்தார். அன்றே பொறுப்பிலிருந்து விலகினார். கைப்பேசியை ஆபாவின் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த வருடத்து மழைக்காலத்திலிருந்து செயலாளரின் பேச்சு மாறத் தொடங்கியது. முதலில் சொற்களின் கடைசி இழுப்பு. பிறகு செருமல். பிறகு கரகரப்பு. விளையாட்டாகச் செய்கிறாரோ என்று நாங்கள் சங்கடப்பட்டோம். அவரே ஒருநாள் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் என்னோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “தொண்டை டாக்டரப் பாத்துட்டேன். ஒண்ணுமில்லங்கிறாரு. வீட்டுல அம்மாகிட்ட எங்க சௌராஷ்டிர பாஷையில பேசுனாலும் இப்படித்தான் வருது. அம்மா என்னப் பாக்காம சொவத்தப் பாத்துக்கிட்டே பதில் சொல்றாங்க.” குளத்தின் நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்ணை மூடிக் கேட்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆபாதான் என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

சில வருடங்கள் ஓடிவிட்டன. சங்கத்தின் பொறுப்பில் இப்போது நான் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஆபாவைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அது முன்னாள் செயலாளரின் குரல், அவ்வளவுதான். அவர் வாரத்தில் இரண்டு நாள் மதியம் வந்து, வழக்குப் போடலாமா வேண்டாமா என்று தவிக்கும் பெண்களோடு பேசிக்கொண்டிருப்பார். தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். ஒருமுறைகூட மறந்ததில்லை.

போன மாதம் பரவையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். உடன் இன்னொரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, கன்னத்தில் காயம் ஆறாமல் இருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு இவள் வராந்தாவிலேயே நின்றுகொண்டாள். உள்ளே பேச்சு ஆரம்பித்தது. சாத்திய கதவு வழியாக அந்தக் குரல் வந்தது. இவள் மெல்ல நகர்ந்து கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்கள் மூடிக்கொண்டன.

“வெயில்ல ஏன் நிக்கிறே? உள்ள வா” என்றேன்.

“வேணாம்க்கா” என்றாள் கண்ணைத் திறக்காமல். “உள்ள வந்தா அது யாருன்னு தெரிஞ்சிரும். இங்கேயே நிக்கிறேன். அவுக பேசட்டும்.”