பரஸ்தானம் வைத்த பை

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சீனிவாசராகவனைப் பார்த்தால் யாரும் சௌக்கியம் விசாரிப்பதில்லை. மெட்ராஸுக்கு எந்த ரயில் சிலாக்கியம் என்றுதான் கேட்பார்கள். மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்துப் பென்ஷன் வாங்கியவர். ரயில் டைம்டேபிள் ஒரு கையில், பஞ்சாங்கம் மறு கையில் என்று வாழ்ந்த மனிதர். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் ஊரைவிட்டு நகரமாட்டார். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. அந்தப் பஞ்சாங்கத்தின்மேல்தான் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

1946இல் அவருடைய ஒரே மகள் அலர்மேல்மங்கைக்கு மெட்ராஸில், புக்ககத்திலேயே இரண்டாவது பிரசவம் ஆயிற்று. கையோடு ஜுரம் கண்டது. பெனிசிலின் உடனே வேண்டும், இங்கே கிடைக்கவில்லை, தாமதித்தால் பிழைக்கமாட்டாள் என்று மாப்பிள்ளையின் தந்தி வந்தது. ராகவன் தெரிந்த ராணுவ டாக்டர் ஒருவரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மருந்து வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்தார். ரயில் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். ஆகாய மார்க்கமாக நூற்றெண்பது மைல்தான். ஒன்றேகால் மணி நேரம். வாழ்நாளில் முதல் தடவையாக விமான டிக்கெட் வாங்கினார்.

அது திங்கட்கிழமை. விமானக் கம்பெனியின் கார் வாசலுக்கு வருவதே எட்டு மணிக்கு.

"ஏன்னா, ஏழரைலேர்ந்து ராகு காலம். உயிரைக் காப்பாத்தப் போறவர் அந்த வேளையிலயா படியிறங்கறது?" என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

"பரஸ்தானம் வெச்சுடறேன், விடு."

நல்ல நேரத்தில் மூட்டையை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே பயணம் கிளம்பியதாக அர்த்தம். பிறகு போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். எது முக்கியமோ அது முதலில் கிளம்பட்டும் என்று, ஏழு மணிக்கே மருந்துப் பையை எதிர்வீட்டு ஸ்ரீகண்டனின் கூடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

கார் தாமதமாக வந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். "பேக பன்னி சுவாமி, விமானா காயல்லா!" சீக்கிரம் வாருங்கள், விமானம் காத்திருக்காது என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான்.

ராகவன் பதறியடித்துப் பெட்டியோடு ஏறினார். ஜெயலக்ஷ்மி உள்ளே போய்ப் பெருமாள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரீகண்டன் பூஜை முடித்து வந்தபோது பை கூடத்தில் இருந்தது. ராகவன் இன்னும் கிளம்பவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார். வைத்தவரே எடுக்க வேண்டிய பை அது, அதனால் தொடவில்லை. சற்று நேரத்தில் கூரைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போயிற்று.

மேலே, ஐஸ் கரைந்துவிட்டதா என்று பார்க்க ராகவன் பைக்காகக் காலடியில் துழாவினார். பெட்டிதான் தட்டுப்பட்டது.

"திருப்பச் சொல்லுங்கோ!" என்று கத்தினார். விமானம் யாருக்காகத் திரும்பும்? பாவி மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்ன நேரத்துக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டது.

மாப்பிள்ளை ஓடி வந்து கையை நீட்டினார். "மாமா, டாக்டர் ஊசியோட காத்துண்டிருக்கார். மருந்து?"

"பரஸ்தானத்துல இருக்கு" என்றார் ராகவன்.

ராகவன் அடித்த தந்தி கிடைத்து, ஸ்ரீகண்டன் அன்றிரவு மெயிலில் பையோடு கிளம்பினார். காலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது அலர்மேலுவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு, மெட்ராஸ் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், ராகவன் எதிர்வீட்டைக் கை காட்டுவார்.