பரக்கத்துக்கு ஒரு சாண்

தனியார் பாதை அளக்கிற உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு: பாதை குறைந்தாலும் கூடினாலும் பிழை அளக்கிறவனின் நாடாவில்தான் என்று ஊர் முழுக்க ஒரே குரலில் சொல்லிவிடும். வீடு கட்ட அனுமதி கேட்டுக் கந்தோர் வாசலில் காய்ந்த வாசகர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் ஏதோ தெளிவாக இருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு விளங்காதது எதுவும் எனக்கும் விளங்கியதில்லை. சம்பளம் மட்டும் எனக்கு வந்தது.

சரிவு எத்தனை?

நான் உடப்புக்காரன். புத்தளக் கரையோரத்துப் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். சனங்களின் வாயில் 'டீ.ஓ. சேர்'. ஒருவர் தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றால், நடுவே விடுகிற பாதை பிளானில் உள்ள அளவுக்குத் தரையிலும் இருக்கிறதா என்று பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். பாதை சரியில்லாவிட்டால் அதிலுள்ள ஒரு வீட்டுக்கும் அனுமதி கிடையாது. வேலை இவ்வளவுதான், சொல்லும்போது.

அந்தப் படிவத்தை மலைநாட்டு நகரம் ஒன்றுக்காக யாரோ எழுதியிருக்க வேண்டும். பாதையின் சரிவு எத்தனை, மண் சரியாமல் மதில் உண்டா, வளைவில் வாகனம் உருண்டு விழாமல் தடுப்பு உண்டா என்றெல்லாம் கேட்கும். எங்கள் பக்கத்தில் மேலேயிருந்து விழக்கூடியது தேங்காய் ஒன்றுதான். சரிவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன். இலக்கம் வேண்டும் என்று திரும்பி வந்தது. பூச்சியம் போட்டேன், அதுவும் வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு எங்கள் பெரிய கிளாக்கரிடம் போனேன். முப்பது வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்திய சிலாபத்து மனிதர். கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"பூச்சியம் எண்டா நீங்க போய் அளக்கவே இல்ல எண்டு மேல நினைப்பாங்க. ஒரு ஒண்டாவது போட்டு விடுங்க, சேர்."

போட்டேன். அதன்பிறகு எங்கள் மணல் பாதைகள் எல்லாம் ஒன்று சரிந்தன.

வெயிலில் கிடந்த பாதை

மதுரங்குளியிலிருந்து உள்ளே போனால் ஒரு பழைய தென்னந்தோட்டம். யுத்தம் முடிந்த கையோடு காணி விற்கிற ஒருவர் அதை வாங்கி, நடுவில் ஒரு பாதை, இரு பக்கமும் ஏழேழு துண்டு, பாதை முட்டுகிற இடத்தில் குறுக்காக ஒரு துண்டு என்று பிரித்து விற்றார். வாங்கியவர்கள் அநேகமாகத் தொண்ணூறில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்டுக் கையில் பையோடு வந்த முஸ்லிம்கள். இருபது வருஷம் கிடுகுக் கொட்டிலில் இருந்துவிட்டுத் தங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய முதல் மண் அது.

கடைசியில் குறுக்கே கிடந்த துண்டு ரஸீனா ராத்தாவுடையது; ராத்தா என்றால் அக்கா. கணவர் மௌத்து, இறந்து போனவர். இரண்டு பெண் பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்தார். வீடு கட்ட உதவுகிற பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. ஆனால் வருஷம் முடியுமுன் சபை அனுமதித்த வீட்டுப் பிளானைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்போது கார்த்திகை பாதி போய்விட்டது, டிசம்பர் முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

பிளானில் பாதை இருபதடி. நாடாவின் ஒரு நுனியை நானும் மறு நுனியைச் சபைத் தொழிலாளி அந்தோனியும் பிடித்தோம். பதினெட்டரை. இன்னும் முப்பதடி தள்ளி அளந்தோம், பதினெட்டரை. பாதை முடிவு வரை பதினெட்டரைதான். எனக்குப் பின்னாலேயே நடந்து வந்த ராத்தா நாடாவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஆறு வருஷமா வெயில்ல கிடக்கு, தம்பி. ரோட்டும் சுருங்குமா?"

பதினாலு நல்லவர்கள்

பாதை குறைந்தால் யாரோ வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த ஆளைப் பிடிக்கலாம் என்று மறுநாள் துண்டு துண்டாக அளக்கத் தொடங்கினேன். முதல் துண்டு பலசரக்குக் கடை ஹாஜியாருடையது. ஒன்பது அங்குலம் கூட இருந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது துண்டும் ஒன்பது அங்குலம் கூட. எதிர்ப்பக்கம் போனேன், அங்கேயும் ஒன்பது. மத்தியானம் ஆவதற்குள் பதினாலு துண்டும் பாதைப் பக்கம் ஒன்பது அங்குலம் வெளியே வந்திருப்பது தெரிந்தது. வேலிகளோ எல்லைக்கல்லை விட்டு ஒரு விரல் விலகவில்லை. கல்லெல்லாம் முதல் நாள் நட்ட அதே கல்.

கள்ளன் என்றால் தனக்குத் திருடுவான். பதினாலு வீட்டுக்கும் ஒரே அளவாகத் திருடிக் கொடுத்துவிட்டுத் தனக்கு எதுவும் எடுக்காமல் போன கள்ளன் யார்? ஒருவேளை நாடாதான் பிழையோ என்று என்னையே சந்தேகித்து, கடையில் புது நாடா வாங்கி வந்தும் அளந்தேன். அதுவும் அதையே சொன்னது. ஹாஜியார் எனக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்து ஆறுதல் சொன்னார். அவர்கள் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, தோளில் தூக்கிப் போகிற பெட்டி சந்தூக்கு. அந்தப் பகுதியில் பாதைக்கு அதுதான் அளவு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பக்கமும் ஆக்கள் நடந்தாலும் வேலி இடிக்காது. லொறியும் போகும். இதுக்கு மேல மனிசனுக்கு எங்க போக இருக்கு, சேர்?"

அந்தோனி வாய் திறந்தார்

பிளான் வரைந்த நில அளவையாளரிடம் கேட்டேன். தான் மரமுளைதான் அடித்ததாகவும், பிறகு கல் நட்டது காணி விற்றவரின் ஆட்கள் என்றும் சொன்னார். காணி விற்றவர் எப்போதோ தொழிலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். 'அந்த ஆட்களை எங்கே தேடுவது?' என்று மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது வாய்விட்டுப் புலம்பினேன். பின்னால் இருந்த அந்தோனி மெல்லச் செருமினார். தலவிலக்காரர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

"குழி வெட்டினது நான்தான், சேர்."

வண்டியை ஓரம் கட்டினேன். இரண்டு நாளாக நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நான் கேட்கவில்லையாம். கல் நட்டவர் சலீம் நானா என்றார் அந்தோனி; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அளவில் குறைத்துக் கொடுத்தால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சரியான பயமாம். மீன்காரர் நிறுத்து முடித்த பிறகு ஒரு சின்ன மீனை மேலே போடுவதில்லையா, அப்படி ஒவ்வொரு கல்லையும் முளையிலிருந்து ஒரு சாண் வெளியே தள்ளி நட்டிருக்கிறார். 'பரக்கத்துக்கு ஒரு சாண்', இறைவன் அருள் பெருக ஒரு சாண், என்று சொல்லிச் சொல்லி நட்டாராம். பின்பக்கம் அடுத்த தோட்டத்து முள்ளுக்கம்பி. பக்கத்தில் அடுத்தவர் துண்டு. தள்ளுவதற்கு மிச்சமாக இருந்தது பாதை மட்டும்தான். கடைசித் துண்டுக்கு மட்டும் ஒரு சாண் உள்ளே நட்டிருக்கிறார்.

கள்ளனைத் தேடிப் போன இடத்தில் இப்படி ஒரு மனிதர் அகப்படுவார் என்று நான் நினைக்கவில்லை. கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியாமல், அந்தச் சலீம் நானா இப்போது எங்கே என்று கேட்டேன். அந்தோனி தன் கைச் சாணைப் பார்த்தபடி சொன்னார்:

"மௌத்தாகி மூணு வருஷம். அந்தக் கடைசித் துண்டுக்காரர் அவர்தான், ரஸீனாட புருஷன், சேர்."

படிவத்தில் இல்லாத கட்டம்

புதன்கிழமை பொதுமக்கள் நாள். ராத்தா வருவார் என்று தெரியும். சொல்வதா விடுவதா என்று செவ்வாய் முழுக்க யோசித்தேன். இருபதடி என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு யாராவது ஒருவர் முறைப்பாடு கொடுத்தால் முதலில் பாதியில் நிற்கப்போவது அவருடைய சுவர்தான். இதுபோல் பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் இரண்டை எனக்குத் தெரியும். அதனால் சொல்லிவிட்டேன், அந்தோனி சொன்னது போலவே.

ராத்தா அழவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, கதிரையின் விளிம்பில் அசையாமல் இருந்தார். "அப்ப, மத்தவங்களுக்குக் குறையக்கூடா எண்டு ரோட்டுல எடுத்துக் குடுத்திருக்கார்," என்றார். ஓம் என்றேன். "ரோட்டு அவர்ட இல்லையே?" இல்லை என்றேன். "எல்லாரிட சொத்து?" அதற்கும் ஓம் என்றேன். நான் வீட்டுப் பிளானைப் பற்றி, வருஷக் கடைசியைப் பற்றி, மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்பதைப் பற்றியெல்லாம் சொல்லத் தொடங்கினேன். எனக்கு அவருடைய வீடுதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வீட்டை விடுங்க, தம்பி. அந்த ரோட்டால போற வாற எத்தின பேருக்கு அவர் கபுருக்குழியில கிடந்து பதில் சொல்லணும் எண்டு கணக்குப் பார்த்துச் சொல்லுங்க."

மதில் உண்டா, தடுப்பு உண்டா என்று கேட்கிற என் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை.

திரும்பி வந்த சாண்

அன்று பின்னேரமே ராத்தா வீடு வீடாகப் போயிருக்கிறார். 'தந்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?' என்று சிலர். 'தந்தவர் மௌத்து, இனி யாரிடம் கொடுப்பது?' என்று ஹாஜியார். 'ரோட்டிடம் கொடுங்க' என்றாராம் ராத்தா. ஒருவரும் அசையவில்லை.

ஜனாஸா அடக்கத்தின்போது, மௌத்தானவர் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது அவர்கள் வழக்கம். சலீம் நானாவின் ஜனாஸாவில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ராத்தா சொல்லி அனுப்பியபடி, பள்ளி மௌலவி மறுபடி கேட்டார். இந்த முறை கேள்வி தலைகீழ்: சலீம் நானா தன்னுடையதல்லாத ஒன்றைக் கூடுதலாகத் தந்திருக்கிறார், அதை யார் யார் வைத்திருக்கிறீர்கள்? முதலில் எழுந்தவர் ஹாஜியார்.

சனியும் ஞாயிறும் பாதை முழுக்கக் கல் பெயர்க்கிற அலவாங்குச் சத்தம். திங்கள் காலை நானும் அந்தோனியும் நாடாவோடு போனோம். கல்லெல்லாம் நகர்ந்திருந்தது, வேலியெல்லாம் புதிதாக நின்றது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பிறகு அளந்தேன். இருபதடி பத்து அங்குலம். கொஞ்சம் தள்ளி அளந்தேன், இருபதடி ஏழு. எங்கேயும் இருபது இல்லை. ஒரு சாணைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், எங்கே தங்கள் சாண் சின்னதாகப் போய்விடுமோ என்ற பயத்தில் ஆளாளுக்கு நாலு விரல், ஆறு விரல் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கந்தோருக்கு வந்து சொன்னேன். கூடினாலும் பிளானுக்குப் பிழைதான் என்றார் பெரிய கிளாக்கர். திரும்பவும் அளந்து, புதுப் பிளான் வரைந்து, அது அங்கீகரித்து வர அடுத்த சித்திரை ஆகிவிடும். ராத்தாவுக்கு இருந்தது மூன்று கிழமை. வேறு வழி தெரியாமல் ஹாஜியாரிடம் போய், வேலியைப் பத்து அங்குலம் மறுபடி முன்னுக்குப் போட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குறைஞ்சா கந்தோர்ல கேள்வி, எடுத்தா மறுமையில கேள்வி. நீங்களும் மேல கணக்கு எழுதுற மலக்குமாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, சேர். அதுக்குப் பிறகு நான் வேலியைத் தொடுறேன்."

மேசைக்கு வந்தேன். படிவத்தை எடுத்தேன். பாதையின் அகலம் என்ற இடத்தில் பேனையை வைத்தேன். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருஷம் முடிய ஆறு நாள் இருக்கும்போது ராத்தாவின் வீட்டுப் பிளான் முத்திரையோடு வந்தது. வாங்க வந்தவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"சரியா இருபதுதானே, தம்பி? அவருக்கு இனிக் கேள்வி ஒண்டும் இல்லத்தானே?"

சரியாக இருபதுதான், ராத்தா என்றேன். இல்லாத சரிவை ஒன்று என்று கூட்டி எழுதிய அதே படிவத்தில், இருந்த பாதையைப் பத்து அங்குலம் குறைத்து எழுதிவிட்டு நின்ற எனக்கு, அந்தப் பத்து அங்குலத்துக்குப் பதில் சொல்லப் போவது சலீம் நானாவா நானா என்பது இன்றுவரை விளங்கவில்லை.