கழற்றி வைத்த பல்பு

எங்கள் தெருவில் கார் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பெயர் மோப்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் மட்டும் இருக்கிறது. எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிற நானும் பத்தொன்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

பழைய கார் எது வந்தாலும் எடுத்த எடுப்பில் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் மூக்கு. பாகு காய்ச்சுவதுபோல் தித்திப்பாக வாடை வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் பேட்டரிக்கு அளவு மீறி சார்ஜ் ஏறுகிறது. அடுத்தது காது. பெல்ட் கிறீச்சிட்டால் ஓடும்போதே அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். சத்தம் அடங்கினால் பெல்ட் ஓடுகிற கப்பி கோணல், கூடினால் பெல்ட் தளர்வு. கடைசியில்தான் சாவி. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும்.

"எரியுற லைட்டுக்குப் பயப்படாதீங்க. எரிய வேண்டிய நேரத்துல எரியாம இருக்கு பாருங்க, அதுக்குப் பயப்படுங்க" என்பார். வருகிற எல்லோரிடமும் இதையே சொல்வார். எனக்குக் காது புளித்துவிட்டது.

அவருடைய தங்கைக்கு ஒன்பது வயதாகும்போதே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். வளர்த்தது, படிக்க வைத்தது, கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் இவர்தான். இவருடைய கல்யாணம் தள்ளிப்போய், தள்ளிப்போய், நின்றே போனது. மாப்பிள்ளை பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். தங்கமான மனிதர். ஆனால் எதற்கும் நாளைக்கு என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அந்தக் காரில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது. மோப்பம் பார்த்தார். பிரேக் ஆயில் குறைந்திருந்தது. பின்சக்கரத்தில் உள்பக்கமாகக் கசிவு. ஆயிலை ஊற்றிவிட்டு, இரண்டு நாள் வண்டியை விட்டுப் போகச் சொன்னார். வியாழன் வரைக்கும் சவாரி பேசியாகிவிட்டது என்றார் மாப்பிள்ளை. கசிகிறவரை ஆயில் இறங்கும், விளக்கு மறுபடி எரியும் என்றார் இவர். முந்தின நாள் சவாரி வந்த ஒரு அம்மா அந்த விளக்கைப் பார்த்துப் பயந்து பாதி வழியில் இறங்கிப் போன கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மாப்பிள்ளை கேட்டார்:

"அந்த லைட்ட மட்டும் அணைச்சுக் குடுங்க மச்சான். வியாழக்கிழமை வண்டிய உங்ககிட்ட விட்டுடறேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் சாவியை முகத்தில் எறிந்திருப்பார். எறிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டது தங்கை புருஷன். பெண்ணைக் கொடுத்த வீடு. முகம் கோணினால் அங்கே அவளுக்கல்லவா வலிக்கும்? டேஷ்போர்டைப் பிரித்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பல்பைக் கழற்றி, நட்டு போல்ட்டு டப்பாவில் போட்டார். அன்றைக்கு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

புதன்கிழமை மதியம், இறக்கத்தில், பிரேக் மிதி அடிவரை போய்விட்டது. சவாரி யாரும் இல்லாதது ஒன்றுதான் மிச்சம். வண்டி சுவரில் பக்கவாட்டாக மோதியதில் மாப்பிள்ளை அங்கேயே முடிந்தார்.

சாவு வீட்டில் நாக்குக்கு எலும்பா இருக்கிறது? குடித்திருப்பான் என்றார் ஒருவர். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும், கண்டுகொள்ளாமல் ஓட்டியிருப்பான், எமனைத் தானே கூட்டிக்கொண்டு வந்தான் என்றார் இன்னொருவர். தங்கை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினைந்தாம் நாள், நசுங்கிய வண்டியை அண்ணனின் ஷெட்டுக்கு இழுத்துவரச் சொன்னாள். விளக்கு எரிகிறதா என்று மறுநாள் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் மோப்பம் அந்தப் பல்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். நான் என்ன அரிச்சந்திரனா? "மாட்டிடு. ரெண்டு நிமிஷ வேலை. போனவரு வந்து சொல்லப் போறாரா?" என்றேன். மாட்டியிருப்பார் என்றே நினைத்துக்கொண்டு நான் கடையைப் பூட்டினேன்.

காலையில் அவள் வந்தாள். பேட்டரி செத்திருந்ததால் வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார். புருஷன் உட்கார்ந்த சீட்டில் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். விளக்குகள் எரிந்தன. அவள் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது. சாவியை அணைத்து மறுபடி திருப்பினாள். அந்த இடம் இருட்டாகவே இருந்தது.

"அண்ணா, பிரேக் லைட்டு எரியலையே."

மோப்பம் கையை நீட்டினார். உள்ளங்கையில் பல்பு இருந்தது. "மாப்ள கேட்டாரு. நான்தான் கழட்டினேன்."

அடிப்பாள், கத்துவாள் என்று நான் பயந்தேன். அவள் சாவியை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அவரு கேப்பாரு, அவருக்கு என்ன தெரியும்? மாட்டேன்னு நீ சொல்லியிருக்கணும். எனக்குன்னு அண்ணன் இருந்தது அதுக்குத்தானே?"

பல்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்து போனாள். ஒரு வருடமாகிறது, திரும்பி வரவில்லை. மோப்பம் இன்னும் வேலை பார்க்கிறார். மூக்கும் காதும் பழையபடி கூர்மைதான். சாவி மட்டும் போடுவதில்லை. வண்டிக்காரரையே போடச் சொல்லிவிட்டு, எல்லா விளக்கும் எரிகிறதா என்று வெளியே நின்று கேட்கிறார்.