பெர்பெராவில் சரக்குக்காகக் காத்திருந்த இருபது நாள்

ஏலக்காய்ச் சோலியில் செடி காய்க்கக் காத்திருக்கணும், பறித்தது காயக் காத்திருக்கணும், ஏலம் நடக்கக் காத்திருக்கணும். எல்லாம் முடிந்து கப்பலில் ஏற்றிவிட்டால் அந்தக் கப்பலுக்கும் காத்திருக்கணும். சரக்குக்கு முன்னாடியே ஊர் போய்ச் சேர்ந்து, துறைமுகத்தில் முழித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்து பார்ப்பவன். சோமாலியர்களின் துறைமுக ஊரான பெர்பெராவில் ஹோதன் என்று ஒரு அம்மா மொத்த வியாபாரி. முதல் தடவையாக எங்களிடம் வாங்கினார். "கன்டெய்னரைத் திறக்கும்போது காயைத் தெரிந்த ஆள் என் பக்கத்தில் நிற்கணும்" என்று ஒரே நிபந்தனை. காயைத் தெரிந்த ஆள் என்றால் எங்களிடம் ராசிங்காபுரம் முருகேசண்ணன்தான். முப்பது வருசமாகத் தரம் பிரிப்பவர். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வரும். பெர்பெராவில் அரபி ஓரளவு ஓடும், துபாயில் ஆறு வருசம் இருந்து நாலு வார்த்தை கற்றதால் நானும் கூடப் போனேன். கப்பல் வழியில் ஏதோ துறைமுகத்தில் நின்றுவிட்டது. முதலாளி போனில் சொன்னார்: "சரக்கக் கைமாத்தாம வராதீக. அங்க கம்பெனிக் காசக் கரைச்சுப்புடாதீக." ஆகவே காசில்லாமல் என்னென்ன பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்த்தோம்.

கடல்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊரே கடற்கரைக்கு வந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. இடுப்பளவு ஆழத்தில் நின்றாலும் கால்விரல் தெரிகிறது. பெண்கள் முழு உடுப்போடு இறங்கி, ஒருத்தர் மேல் ஒருத்தர் தண்ணீரை வாரி அடித்துச் சிரித்தார்கள். யாரோ ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டுப் பாதித் தர்ப்பூசணியைக் கையில் திணித்துவிட்டு, பேர்கூடக் கேட்காமல் போய்விட்டது.

முருகேசண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன்.

"இம்புட்டுக் கடல வச்சுக்கிட்டு ஒரு டிக்கெட் கவுண்டர்கூடப் போடாம விட்டிருக்காகளே, மாப்ளே!"

டீ

பழைய ஊர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை நிழலில் ஸஹ்ரா என்ற பெண் டீக்கடை வைத்திருந்தாள். பால், பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து கொதிக்கும். கிளாஸ் கையில் வந்ததும் முருகேசண்ணன் குடிக்கவில்லை, மோந்தார். "காய் பழசு. தோல்தான் இருக்கு, உசுரு இல்ல" என்றார். நல்லவேளை, தமிழில். ஆனால் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டு இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டாள். நான் வேர்த்து விறுவிறுத்துப்போய் அரபியில் சமாளித்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

அண்ணன் அசரவே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து, நாலு காயைக் கல்லில் வைத்து நசுக்கி, அவளுடைய பாத்திரத்திலேயே போட்டார். ஆவி எழும்பியதும் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். ஸஹ்ரா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அப்புறம் சொன்னதை நம்ம பேச்சில் சொல்றேன்:

"இவ்வளவு நாளா நான் டீ போட்டேன்னு எவன் சொன்னான்?"

ஒட்டகம்

ஹஜ்ஜுக்கு ஆடும் ஒட்டகமும் கப்பல் ஏறுகிற சமயம் அது. துறைமுகத்துக்கு வெளியே பட்டிகளில் ஆயிரக்கணக்கில் நின்றன. மிரண்டு நின்ற ஒரு ஒட்டகத்தின் கழுத்தில் கையை வைத்து மேய்ப்பர் ஒருவர் மெதுவாகப் பாடினார். அடி இல்லை, அதட்டல் இல்லை. பாட்டு முடிவதற்குள் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தது. காளைகளோடு வளர்ந்த முருகேசண்ணன் பட்டி வாசல்வரை அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தார்.

மேய்ப்பர் எங்களிடம் வந்து, உங்கள் ஊரில் எத்தனை ஒட்டகம் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். அப்படியென்றால் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பீர்கள் என்றார். தங்கம் என்றேன். எங்களைப் பார்த்து நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

"தங்கம் பால் கறக்குமா?"

மலை

அனல் காற்று தாங்காமல் நாங்கள் வாடிப்போனதைப் பார்த்து, ஹோதன் அக்கா அவருடைய லாரி ஒன்றில் எங்களை ஏற்றிவிட்டார். ஷேக் என்ற மலையூர் வழியாகப் போகிற லாரி. சமவெளி முடிந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் முருகேசண்ணன் "இது நம்ம போடிமெட்டு ரோடு மாதிரியே இருக்கு மாப்ளே" என்று முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேலே இறங்கியதும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. கீழே ரோடு பாம்பாக நெளிந்து கிடந்தது.

உடனே அண்ணன் ராசிங்காபுரத்துக்கு வீடியோ கால் போட்டு, ரோட்டைக் காட்டி, மலையைக் காட்டி, கடைசியில் தன் முகத்தையும் காட்டினார். அவர் சம்சாரம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது.

"போடிமெட்டுல நின்னுக்கிட்டு யார்கிட்ட கத விடுறீக? வெரசா வீடு வந்து சேருங்க!"

பதினோரு மூட்டை

இருபதாம் நாள் கன்டெய்னர் வந்தது. கதவைத் திறந்ததும் முருகேசண்ணன் முகம் மாறியது. கதவோரத்து மூட்டைகளில் ஈரம் இறங்கியிருந்தது. புது வியாபாரி, முதல் சரக்கு. இது திரும்பினால் எங்கள் ரெண்டு பேர் வேலையும் சேர்ந்து திரும்பும். "அண்ணே, வெளிப்பக்கம்தான ஈரம், உள்ள நல்லாருக்கும்னு சொல்லிருவோமா?" என்று காதில் கிசுகிசுத்தேன். அவர் ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டுத் துழாவி, மோந்து, பதினொன்றைத் தனியாகத் தள்ளி வைத்தார். "இத நல்ல காயின்னு விக்க வேணாம்னு அந்த அக்காட்ட சொல்லு" என்றார். சொன்னேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான மொழிபெயர்ப்பு அதுதான்.

ஹோதன் அக்கா அந்தப் பதினொன்றையும் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மிச்ச மூட்டைகளைப் பக்கத்தில் போய்க்கூடப் பார்க்காமல், குடோனுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். ஈரமானதை மொட்டைமாடியில் விரித்துக் காயவைக்க ஆள் அனுப்பினார். பச்சை நிறம் வெளுத்துப்போகும், டீத்தூளோடு இடிக்க ஆகும் என்று அண்ணனே யோசனை சொன்னார். பிரிக்காமலே வாங்குகிறீர்களே என்று நான் கேட்டதற்கு அக்கா சொன்னார்:

"கெட்டதை அவரே காட்டிட்டாரே. இனி நல்லதை நான் எதுக்குத் தேடணும்?"

போடிக்கு வந்த அக்கா

அடுத்த வருசம் காய் எடுக்கிற பருவத்தில் ஹோதன் அக்காவே போடிக்கு வந்தார். முதலாளி மதுரையில் பெரிய ஓட்டல், கோயில், ஜவுளிக்கடை என்று திட்டம் போட்டு வைத்திருந்தார். அக்கா எதுவும் வேண்டாம் என்றார். காய் விளைகிற இடத்தைப் பார்த்தால் போதும். விடிந்ததும் எஸ்டேட்டுக்கு வேலையாட்கள் போகிற ஜீப்பில், பெண்களோடு பெண்ணாக நெருக்கி உட்கார்ந்து மலையேறினார்.

ஆளைவிட உயரமான செடிகளுக்கு நடுவே போனதும் அண்ணாந்து உச்சியில் காயைத் தேடினார். காய் எடுக்கிற ஒரு பெண், கேரள எல்லை மலைப் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து, "மேல எங்க பாக்குறீக? இவிடெ இரி சேச்சி" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தது. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு படர்கிற கொத்தில் அல்லவா காய்க்கும்! அக்கா ஈர மண்ணில் மண்டியிட்டு, இலைச்சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்தார். அரைமணி நேரத்தில் உள்ளங்கை அளவுதான் தேறியது. பக்கத்துப் பெண்ணின் கூடை பாதி நிரம்பியிருந்தது. அந்தப் பெண்ணின் விரல்களைத் தன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருசமா விக்கிறேன், இதுக்கு இப்படி மண்டி போடணும்னு ஒருத்தரும் சொல்லலையே."

காசில்லாமல் நாலு ஊரும் நாலு மனுசரும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சரக்கு எப்போதும் தாமதமாக வருகிற தொழிலாகப் பார்த்துச் சேருங்கள்.