பச்சிலைக்காரி எடுத்துக்கொண்ட படம்

பிளாசிதா இலை இடிக்கும்போது வாங்க வந்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பார்க்கிறாள். "உப்பியிருக்கே. நேத்து பன்றிக்கறியை ஒரு பிடி பிடிச்சீங்களா?" என்று கேட்டபடி, மர உரலில் புதினாவோடு ஏதோ ஒரு வேரையும் சேர்த்துப் போடுகிறாள். நசுங்கிய பச்சிலையை ஐஸ் தண்ணீர்க் கூஜாவில் கொட்டிக் கொடுத்தால், அதைத் தேயிலை மாதிரி இலைத்தூள் போட்ட தெரெரே குவளையில் ஊற்றிக் குழலால் உறிஞ்சிக்கொண்டே சான் லொரென்சோ சந்தை வேலையைத் தொடங்கும். பஸ்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் நான், எல்லோரும் காலையில் அவள் முன்னால்தான் நிற்கிறோம். அவள் மட்டும் அதைத் தொடமாட்டாள். சர்க்கரை அள்ளிப் போட்ட கடுங்காப்பிதான் அவளுக்கு.

நாற்பதை நெருங்கும் அகலமான உடம்பு. எவ்வளவு தேய்த்தாலும் பச்சை போகாத நகங்கள். தலையில் புருஷனின் கால்பந்துத் தொப்பி. வாடிப்போன பச்சிலைக் கட்டுகளுக்குத் தன் கொழுந்தன்மாரின் பெயரை வைத்திருக்கிறாள். "இது ரமோன். இன்னிக்கும் விலைபோக மாட்டான்" என்று ஓரமாக எறிவாள். பக்கத்தில் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்து இலை ஆய்ந்துகொண்டிருப்பாள். கடை அவளுடையதுதான். முழங்கால் விட்டுப்போனதும் உலக்கை மகள் கைக்கு வந்தது. சந்தை இன்னமும் அம்மாவை 'ஞா தெயொலிந்தா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது.

கடையின் பின்வரிசையில் சிவப்பு நூல் கட்டிய கட்டுகள் இருக்கும். கர்ப்பப்பைக்கு. பெண்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எதிர்ச் சாரி மீன்காரி மட்டும் சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்: "ஏண்டி பிளாசி, ஊருக்கெல்லாம் பலிக்குற மருந்து உன் வயித்துகிட்ட மட்டும் ஏண்டி கோவிச்சுக்குது?"

"நான் கடைக்காரிடி. சரக்கை நானே தின்னா வியாபாரம் என்னாகும்?" என்பாள் இவள். எல்லோரும் சிரிப்பார்கள். அதன் பிறகு சற்று நேரம் உலக்கை பலமாக விழும்.

கல்யாணமாகிப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. புருஷன் ஆர்செனியோ பஸ் ஓட்டுகிறான், அதிகம் பேசாதவன். போன வருடம் டாக்டர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் முதலில் அவன்தான் பரிசோதனைக்குப் போனான். அவனிடம் குறை இல்லை என்று வந்தது. பெரிய தப்புச் செய்துவிட்டவன் போல் தலை குனிந்து வீட்டுக்கு வந்தானாம். அடுத்து இவளைக் கர்ப்பப்பையும் குழாய்களும் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். மாதவிலக்கு நின்ற கையோடு வர வேண்டும், அதுவரை புருஷனோடு சேரக்கூடாது, வரும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும்.

துணைக்கு என்னைக் கேட்டாள். "ஆர்செனியோ வந்தா அழுவான் டீச்சர். அப்புறம் நான் அவனைத் தேத்திக்கிட்டு இருக்கணும்."

ஆஸ்பத்திரியில் தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அரை மணிக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பெஞ்சில் சாய்ந்து என் தண்ணீரைக் குடித்தபின் தானாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"சில்லுனு ஒரு மேசை. காலை மடக்கி விரிச்சு வைக்கச் சொல்லிட்டு, உள்ளே எதையோ வச்சு அகட்டி, மருந்துத் தண்ணியால துடைச்சாங்க. அதுவரைக்கும் வெட்கம்தான், வலி இல்ல. மெல்லிசா ஒரு குழாயை விட்டு மருந்தைத் தள்ளினாங்க பாருங்க, அப்பத்தான் தீட்டு வலியை மொத்தமா சேர்த்து முறுக்கின மாதிரி இருந்துச்சு. 'மூச்சை அடக்காதே, விடு'ன்னு நர்சு கையைப் பிடிச்சுக்கிட்டா. சின்னப் பொண்ணு. அவ கையை நசுக்கிட்டேன், பாவம்."

திரையை அவளும் பார்த்திருக்கிறாள். நடுவில் வெள்ளையாக ஒரு முக்கோணம். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் நூல் மாதிரி வெள்ளை ஓடி, கடைசியில் வயிற்றுக்குள் புகையாகச் சிதற வேண்டும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். "சிதறல டீச்சர். ரெண்டு பக்கமும் நுனியில மொட்டு மாதிரி வீங்கி நின்னுடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாங்க. திரும்பவும் தள்ளினாங்க. மொட்டு பெருசாச்சே தவிர விரியல. அப்புறம் யாரும் என்கிட்ட பேசவே இல்ல."

டாக்டரம்மா அறைக்குள் நானும் போனேன். குழாய்கள் வீங்கியிருப்பதால் கிருமி சேராமலிருக்க மாத்திரை தந்தார். கொஞ்சம் ரத்தம் படும், பயப்பட வேண்டாம், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வர வேண்டும் என்றார். பிறகு அவள் வயிற்றிலிருந்த பழைய தழும்பைப் பற்றிக் கேட்டார்.

"சின்ன வயசுல குடல்வால் வெடிச்சுது."

"வலி வந்து எத்தனை நாள் கழிச்சுக் கொண்டுவந்தாங்க?"

பிளாசிதா சட்டையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா தானாகவே சொன்னார்: அன்றைக்கு உள்ளே பரவிய சீழ்தான் குழாய்களை ஒட்டியிருக்க வேண்டும். அறுவை செய்தாலும் பெரிதாக நம்பிக்கை இல்லை. கருவை வெளியே உண்டாக்கி வைக்கும் வழி இருக்கிறது, ஆனால் அது இந்த ஆஸ்பத்திரியில் கிடையாது.

அந்தக் குடல்வால் கதை சந்தைக்கே தெரியும். ஞா தெயொலிந்தா தன் வாயாலேயே பெருமையாகச் சொல்லுவாள். பதினோரு வயது மகள் வலியில் சுருண்டு கிடந்ததையும், நாலைந்து நாள் கொய்யாக் கொழுந்து இடித்து இடித்துக் கொடுத்ததையும், கடைசியில் மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும் சொல்லி, "மாதா என் பொண்ணைத் திருப்பிக் குடுத்தா" என்று முடிப்பாள். அதற்காக ஒவ்வொரு டிசம்பரிலும் காகுபே மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவள் அவள்.

பஸ்ஸில் வரும்போது பிளாசிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "குடல்வால் விஷயத்தை அம்மாகிட்ட வாய் விட்டுறாதீங்க. மத்தது எதுவானாலும் அவ தாங்கிக்குவா."

கடையில் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "என்னடி சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்வாங்க? ஏன்னு அவங்களுக்கே புரியலையாம். போய் உட்காரு, முழங்கால் வீங்கப்போகுது."

"நான் சொல்லல? மெஷினுக்கு என்ன தெரியும்? நான் வேற வேர் போட்டுக் காய்ச்சித் தாரேன்."

ஆர்செனியோவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "வலிச்சுதா?" என்று ஒன்றைத்தான் கேட்டானாம். பிறகு வெளியே போய், கழுவிய பஸ்ஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தானாம்.

சிவப்பு நூல் கட்டுகள் இப்போது கடையில் இல்லை. கேட்பவர்களிடம் "சரக்கு வரல" என்கிறாள். மீன்காரி கத்தினால் பதில் கொடுப்பதில்லை. அம்மா மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கசாயத்தை நீட்டுகிறாள். பிளாசிதா தலையைப் பின்னால் சாய்த்து, அடிவண்டல்வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைக்கிறாள்.

போன வாரம் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒருத்தி தன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். குழந்தை வலது அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு முனகியது. "முந்தாநேத்துலேருந்து வயித்து வலி. ஏதாச்சும் இடிச்சுக் குடுங்க ஞா தெயொலிந்தா." கிழவி அதற்குள் கொய்யாக் கொழுந்தைக் கைநிறைய அள்ளியிருந்தாள்.

பிளாசிதா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் வந்தவளிடம்.

"வெறும் வயித்து வலிதானே, எதுக்கு..."

"இப்பவே போ! பஸ்ஸுக்கு நிக்காதே, டாக்ஸி பிடி!"

அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. வந்தவள் மிரண்டு, குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடினாள். அவர்களை ஏற்றிய டாக்ஸி முனை திரும்பி மறைந்தது. பிளாசிதா பிடியை விடவில்லை. கிழவி மகளின் முகத்தையே பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மகளின் வயிற்றுக்கு இறங்கி, தன் கையிலிருந்த கொழுந்துக்கு வந்தது. மகள் அவளை நிமிர்ந்து பாராமல், மறு கையால் அந்தச் சுருங்கிய விரல்களை மெல்ல விரித்து, கொழுந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.