தங்கை வீட்டில் இருந்த வருடம்

என் தங்கையை நினைத்தால் தாசில்தார் அலுவலக முத்திரை குத்திய ஒரு தாள்தான் முதலில் கண்முன் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு வருடம் விட்டுப்போனவர்கள் வாங்கிக் கொடுக்க வேண்டிய சான்றிதழ் அது. 'மேற்படி மாணவி இந்த ஓராண்டில் எங்கும் பயிலவில்லை. வேலை எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்தார்' என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வருடம் குறுவை நடவுக்கு முந்தின வாரம் வரப்பில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அப்பா சிங்கப்பூரில். நான் தஞ்சாவூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. தங்கைக்குக் கும்பகோணத்தில் கணக்குப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்து, இரண்டு புதுச் சுடிதார்கூடத் தைத்தாகிவிட்டது. யார் வீட்டில் இருப்பது என்று ஒரு பேச்சும் நடக்கவில்லை. "ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் சேந்துக்கலாம்" என்று அப்பா போனில் சொன்னார். நானும் அதையே சொன்னேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

தங்கை அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, பீ மூத்திரம் எடுத்துப் போட்டுவிட்டு சைக்கிளில் வயலுக்கு ஓடுவாள். நடவுக்கு ஆள் கூப்பிடுவது, அவர்களுக்கு டீ கொண்டுபோவது, வாய்க்காலில் எங்கள் முறை வந்தால் மடை திறப்பது எல்லாம் அந்தப் பதினேழு வயதுப் பெண்தான். நான் சனிக்கிழமை வந்து மீன்குழம்பு சாப்பிட்டு, அழுக்குத்துணியைப் போட்டுவிட்டு, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவேன். இதை எழுதவே கூசுகிறது.

சான்றிதழ் வாங்க நான்தான் கூடப் போனேன். படித்துப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணுமே செய்யலையாண்ணே?" என்றாள். "அப்படித்தான் எழுதுவாங்க. கையெழுத்து கெடச்சிடுச்சுல்ல, வா" என்றேன். அப்புறம் அவள் படித்தாள். இப்போது மன்னார்குடிப் பக்கம் ஆசிரியை. ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மே மாதம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம், கோச்சிங் என்று ஓடிய பிள்ளை. "ஒரு வருஷம் விட்டுடுங்கப்பா. நல்லாத் தூங்கணும். என்ன படிக்கிறதுன்னு அப்புறம் யோசிக்கிறேன்" என்றாள். உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் தாராள மனசைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. இப்போது எங்களோடு இருக்கும் அம்மா மறுபடி படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த மூன்றாவது பெண்ணும் நின்றுவிட்டாள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். உடம்பும் மனசும் அலுத்துப்போய்விட்டது.

மகளுக்கு ஒரு வருடம் கொடுக்கப் போகிறேன் என்று தங்கையிடம் போனில் சொன்னேன். மெச்சுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அவளுக்காகவா, அம்மாவுக்காகவா?" என்றாள்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவளுக்குன்னா குடு, புள்ள தூங்கட்டும். அம்மாவுக்குன்னா நீ லீவு போடுண்ணே."

"வேலையில இருக்கறவன் ஒரு வருஷத்த எப்படிம்மா தூக்கிக் குடுக்கறது?"

"நான் குடுத்தேன்லண்ணே."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். மகள் எழுந்தாள். "நீ படும்மா" என்று சொல்லிவிட்டு நான் போனேன்.