ஆறு மூட்டைக்கு மூன்று கையெழுத்து

ஆண்டவருடைய பிள்ளைகளே, எழுபத்தெட்டு ஐப்பசியில் என் ஏலத்தோட்டம் கையை விட்டுப் போக இருந்தது. என் புருஷன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

நானும் சிலமலை அந்தோணியும் பவுலும் சேர்ந்து, ஆறு மூட்டை உலர்ந்த ஏலக்காய் தருவதாகப் போடி வியாபாரிக்கு ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். காய் பறிக்கையில் அவரவர் கூடைக்கு அவரவர் பொறுப்பு. பத்திரமும் அப்படித்தான் என்று நினைத்தேன், மடச்சி. கெடுவுக்குப் பத்து நாள் இருக்கையில் போடிமெட்டு வளைவில் அந்தோணி ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து செத்தான். அவனுடைய காய் உலர்த்தும் ஸ்டோரின் சாவியும் அவனோடு போயிற்று. நாலு நாள் கழித்துப் பவுல் தன் இரண்டு மூட்டையோடு மாயமானான்.

நான் என் பங்கு இரண்டைக் கொண்டுபோய் இறக்கினேன்.

"மிச்சம் நாலு எங்க ஆத்தா?" என்றார் வியாபாரி.

"அது அவுக பங்குய்யா. நான் எதுக்குத் தரணும்?"

"மூணு பேரும் சேர்ந்து குடுத்த வாக்கு. ஒருத்தர் மிஞ்சினாலும் ஆறையும் அவருதான் கொண்டாரணும். சனிக்கிழமை தாண்டினா உன் தோட்டத்து மேல வழக்குத்தான்."

மலையேறி வந்து முழங்காலில் நின்றேன். முதலில் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த ஓடுகாலி நாசமாப் போகணும்." ஜெபமா அது! கத்தி ஓய்ந்த பிறகு அந்தோணியின் பெண்டாட்டி நினைவு வந்தது. வியாபாரி அடுத்து அவளிடம்தானே போவார். அழுதுவிட்டேன். "செத்தவன், ஓடினவன், நான், எங்க மூணு பேரையும் ஒண்ணாப் பாருமய்யா" என்றேன்.

வெள்ளிக்கிழமை பட்டப்பகல். பனி இறங்கியிருந்தது. பூட்டிக்கிடந்த அந்தோணியின் ஸ்டோரிலிருந்து புகை வந்தது. கிட்டே போனேன். உள்ளே, காம்பு உதிரக் காயைத் தேய்க்கும் சத்தம். பூட்டு திறந்து தொங்கியது. அதில் அந்தோணியின் சாவி, ஈரமாக. இயேசுவே என்று கதவைத் தள்ளினேன்.

பவுல்! தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கட்டிய மூட்டை மூன்று.

"எப்படிறா உள்ள வந்த?"

"இத்தன நாளு ஒளிஞ்சு கெடந்துட்டு, நேத்து ராத்திரி கேரளாப் பக்கம் போயிரலாம்னு மெட்டுல பஸ்சுக்கு நின்னேன்க்கா. பனிக்குள்ள ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. ஏறிட்டேன். பாதி வழியிலதான் பாத்தேன், ஓட்டுறது அந்தோணி அண்ணே. ஒரு வார்த்த பேசலக்கா. மூட்டையோட இந்த வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போயிட்டாரு. பூட்டு தொறந்து சாவியோட தொங்குச்சு, உள்ள அவரு காயி காஞ்சு கெடந்துச்சு."

அந்த வாசலுக்கு ஒற்றையடிப் பாதைதான் உண்டு. ஜீப்பு வர வழியே கிடையாது.

நாலாவது மூட்டையையும் கட்டினோம். மறுநாள் ஆறு மூட்டைக் கணக்கும் தீர்ந்தது. பத்திரம் என் கைக்கு வந்தது. பவுல் இன்று நம் கோயிலில் மணியடிக்கிறான். ஓட்டி வந்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள், இன்றைக்கும் அந்தப் பக்கம் போக எனக்கு நடுக்கம்தான். ஆனால் அனுப்பினவர் கர்த்தர், அவருக்கே நன்றி. தனியாக மாட்டிக்கொண்டோமே என்று அழுகிறவர்களே, நம்பி முழங்காலில் நில்லுங்கள். உங்களை விட்டுவிட்டு ஓடினவன் பேரையும் சொல்லிக் கேளுங்கள். அவனும் எங்கோ பனியில் பஸ்சுக்கு நிற்கிறான்.